ஒன்பதாவது முகடு

உங்கள் வலது கையை ஒருமுறை நீட்டிப் பாருங்கள், கண்ணுகளா. விரல்கள் அசையாமல் நிற்கின்றனவா? சந்தோஷம். அப்படியே நிற்கட்டும்.

மரகதவல்லியின் குடும்பத்தில் முப்பத்தைந்து வயதைத் தொட்ட பெண்கள் எல்லாரும் காலையில் பல் துலக்கும் முன் இப்படித்தான் கையை நீட்டிப் பார்ப்பார்கள். அவளுடைய அம்மாவுக்கு நாற்பது வயதில் விரல் நடுங்கத் தொடங்கியது. அடுத்த வருடம் அம்மா இல்லை. அக்காவுக்கு நாற்பத்தொன்றில் தொடங்கியது. நாற்பத்து மூன்றில் முடிந்தது. மருத்துவர்கள் அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் சொன்னார்கள். மருந்து மட்டும் சொல்லவில்லை.

மரகதத்துக்கு இப்போது அறுபத்து மூன்று. நோய் தன்னை மறந்துவிட்டுப் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அக்கா விட்டுப்போன ஒரே பெண்ணைத் தன் மகளாக வளர்த்தாள். அவள் பெயர் காந்தள். செடிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவள் வேறு என்ன பெயர் வைப்பாள்?

"விஷக் கிழங்கோட பேரைப் பிள்ளைக்கு வெச்ச ஒரே ஆள் நீதான் சித்தி" என்று காந்தள் சண்டை போடுவாள்.

"விஷந்தாண்டி மருந்து. அளவு தெரிஞ்சா" என்பாள் மரகதம்.

காந்தளுக்கு முப்பத்தாறு வயது. திருநெல்வேலியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்து, நுண்கருவிகள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மரகதம் காப்பி கொண்டு போனபோது, காந்தள் சால்டரிங் கோலை வலது கையில் பிடித்து, அந்த மணிக்கட்டை இடது கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். ஈயத்துளி வேறு எங்கோ போய் விழுந்தது.

"ஏட்டி, கையை நீட்டு."

"ஃபேன் காத்து சித்தி."

"ஃபேன் ஓடலை. நீட்டு."

காந்தள் நீட்டினாள். விரல் நுனிகள், காற்றில்லாத அறையில், அரச இலை மாதிரி ஆடின. காப்பி ஆறிப்போனது. அப்புறம் காந்தள்தான் சிரித்தாள். "இன்னும் எனக்கு ரெண்டு வருசமாவது இருக்கும். அதுக்குள்ள இதை முடிச்சிரணும்" என்று மேசை மேல் இருந்த பெட்டியைத் தட்டினாள்.

டிபன் பாக்ஸ் அளவுதான் அந்தப் பெட்டி. பக்கவாட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மெல்லிய குழாய். குழாயை உயிரோடு இருக்கிற இலையிடம் கொண்டுபோனால் போதும். அந்த இலைக்குள் அந்த நிமிடத்தில் என்னென்ன ரசாயனம் ஊறுகிறது என்பதைத் திரையில் மலை மலையாக வரைந்துவிடும். பறிக்க வேண்டாம், அரைக்க வேண்டாம். ஒவ்வொரு முகடும் ஒரு பொருள். முகட்டின் உயரம்தான் அதன் அளவு. மோப்பப்பெட்டி என்று பெயர் வைத்திருந்தாள்.

"கொம்மைமலைக்குப் போவோம் சித்தி. உன்னோட ஒன்பதாவது முகடு நெசந்தானான்னு இது சொல்லிரும்."

அந்தப் பெயரைக் கேட்டதும் மரகதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று சொல்கிறேன்.

கொம்மைமலையில் நுகரி என்று ஒரு செடி உண்டு. முழங்கால் உயரம், இலையின் அடியில் பூனைமீசை போல ரோமம். மலையில் வாழும் கொம்மையர்களுக்கு எந்த நோய்க்கும் அதுதான். காய்ச்சலுக்கும் நுகரி, கண்வலிக்கும் நுகரி. ஒரே செடி அத்தனைக்கும் எப்படி மருந்தாகும் என்று கேட்டுக்கொண்டே மரகதம் இருபத்திரண்டு வருடம் அந்த மலையில் ஏறி இறங்கினாள். பறித்த இலைகளைச் செய்தித்தாளில் வைத்து அமுக்கிக் காயவைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொன்றையும் வாயில் போட்டு மென்றும் பார்ப்பாள். அது அவள் பழக்கம். அவள் கொண்டுவந்த இலைகளில் எல்லாம் ஒன்பது முகடுகள் வந்தன. ஒன்பதாவது, உலகத்தில் எங்கும் கண்டறியாத ஒரு பொருள்.

எழுதினாள். புகழ்ந்தார்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, செடியில் மாட்ட அலுமினிய அடையாள வில்லைகளோடு வேறு ஆய்வாளர்கள் போய், அவள் தொடாத புதுச் செடிகளில் பறித்து வந்தார்கள். அவர்கள் இலைகளில் எட்டு முகடுகளே இருந்தன. மூன்று குழுக்கள் போயும் எட்டுதான். 'மரகதவல்லி எதையோ கலந்திருக்கிறார்' என்று ஒரு விசாரணைக் குழு எழுதியது. வேலை போயிற்று. அவள் சேர்த்த இலைகளையும் குப்பை என்று வெளியே போட்டார்கள். மூன்று சாக்கு. அவற்றை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். தினமும் காலையில் இரண்டு இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தாள். வீம்புக்குத்தான். எட்டு வருடம் வந்தது அந்த மூன்று சாக்கு. கடைசிப் பிடி போன ஐப்பசியில் தீர்ந்தது.

"சரி, போவோம்" என்றாள் மரகதம். அவள் மனதில் முகடு இல்லை, பிள்ளையின் விரல்கள்தான் இருந்தன. எந்த நோய்க்கும் நுகரி என்றால், இந்த நோய்க்கு?

*

ஜீப் போகிற தூரம் போய், அதற்கு மேல் மூன்று மணி நேரம் நடந்தார்கள். ஊர் எல்லையில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள் சடைச்சி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். அந்நாளில் மரகதத்துக்கு மலையில் வழி காட்டியவள்.

"ஏ, பேப்பரம்மா! எட்டு வருசமாச்சே, இன்னும் சாவலையா நீங்க?"

காந்தள் திரும்பி மரகதத்தைப் பார்த்தாள். மரகதம் சிரித்தாள். செய்தித்தாளும் கையுமாக அலைந்ததால் ஊர் அவளுக்கு வைத்த பெயர் அது.

"நான் ஏண்டி சாவணும்?"

"அம்புட்டுச் சீக்கோட கெடந்தீயளே, அதான் கேட்டேன். சரி, சரி, வாங்க. இது யாரு, அக்கா மவளா? மூக்கு அப்பிடியே உங்க மாதிரி இருக்கு."

'அம்புட்டுச் சீக்கு' என்ற சொல் மரகதத்தின் காதில் ஏறவே இல்லை. அவள் கண் கீழ்ச்சரிவில் இருந்தது. சரிவு முழுக்க நுகரி. ஒவ்வொரு செடியின் அடித்தண்டிலும் ஒரு துணிக் கீற்று முடிச்சிட்டிருந்தது. நீலம், ரோஜா, பச்சை. எல்லாம் மரகதத்தின் பழைய சேலைகள். காகித அடையாளச் சீட்டைக் கரையான் தின்றுவிடுகிறது என்று, உடுத்திக் கிழிந்த சேலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, அழியாத மையில் எண் எழுதிக் கட்டியிருந்தாள்; கட்டிய செடிக்கு அடுத்த வாரம் திரும்பிவந்துதான் இலை பறிப்பாள். ஆயிரத்து எண்ணூறுக்கும் மேல்.

காந்தள் ஓடினாள். எண் 214 என்றிருந்த செடியிடம் மண்டியிட்டுக் குழாயை நீட்டினாள். திரையில் ஒவ்வொரு மலையாக எழுந்தது. ஆறு, ஏழு, எட்டு...

"சித்தி! ஏ சித்தி! இருக்கு! ஒன்பது இருக்கு!"

"கத்தாதட்டி, வழுக்கும்..."

"இருக்குங்கேன்! நீ எதையும் கலக்கலை! அந்தக் கமிட்டிக்காரன் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி இந்தத் திரையைக் காட்டப் போறேன்!"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்ததில் சடைச்சியின் விறகுக் கட்டு உருண்டு ஓடையில் விழுந்தது. அவள் திட்டியதை நான் எழுதவில்லை, கண்ணுகளா.

அடுத்த செடி, ஒன்பது. அதற்கடுத்தது, ஒன்பது. ஓடைக்கு அந்தப் பக்கம் கீற்று இல்லாத ஒரு செடி நின்றது. அதில் எட்டு. இன்னொன்று, அதிலும் எட்டு. காந்தளின் குதிப்பு நின்றது.

"சித்தி, நீ கட்டுனதுல மட்டுந்தான் இருக்கு."

"அதெப்படி? துணிக்கும் செடிக்கும் என்ன?"

சடைச்சி ஈர விறகைப் பொறுக்கிக்கொண்டே, "இதென்ன கேள்வி?" என்றாள். "நீங்க கட்டுனது உங்க சீக்குக்கு. மருந்து அதுலதான ஊறும்? கட்டாததுல எப்பிடி ஊறும்?"

"என்ன சொல்ற?"

"சீக்காளியோட வேர்வைத் துணியைத் தண்டுல கட்டணும். சீக்காளி தன் கையாலதான் கட்டணும். மூணு நாள் போனா அந்தச் செடி மோந்து பாத்து, அந்த ஆளுக்குத் தக்கன மருந்து ஊற வெச்சிரும். இது தெரியாமலா இம்புட்டு வருசம் எழுதிக்கிட்டுத் திரிஞ்சீய? நான்தான் சொல்லியிருக்கனே!"

சொல்லியிருந்தாள். மரகதமும் எழுதியிருந்தாள். ஒவ்வொரு நோட்டிலும் 'நம்பிக்கைகள்' என்று கடைசியில் ஒரு பகுதி உண்டு. அதில், 'நோயாளிகள் செடியில் துணி கட்டுகிறார்கள். நேர்த்திக்கடன்' என்று ஒற்றை வரி. நம் கோவில் மரங்களில் மஞ்சள் துணி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள். மலையிலும் அதுதான் என்று நினைத்துவிட்டாள். வேண்டுதல் என்று எழுதி மூடிவிட்டால் அப்புறம் கேள்வி ஏது?

காந்தளின் கண்கள் அகலமாயின. "சித்தி, இலைக்கு அடியில ரோமம் இருக்கே, அது மூக்கு! வேர்வையில நோயோட வாடை இருக்கும். அதைப் பிடிச்சு, சாறை மாத்துது!"

"செடி எதுக்குடி மனுசனுக்கு வைத்தியம் பாக்கணும்?"

"குணமானவன் என்ன செய்வான்? அந்தச் செடியோட விதையைத்தான் கொண்டுபோயி நட்டு வளப்பான். நாலாயிரம் வருசம் அப்படியே நடந்தா? நல்லா வைத்தியம் பாத்த செடியோட பிள்ளைங்க மட்டும் மிஞ்சும். அதுக்கும் லாபந்தான்!"

"எல்லாஞ் சரி" என்றாள் மரகதம் மெதுவாக. "எனக்குத்தான் ஒரு சீக்கும் இல்லையே. அறுபத்து மூணு வயசுல மலை ஏறி வந்திருக்கேன்."

சடைச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சீக்கு இல்லாத ஆளு ஆயிரத்தெண்ணூறு கட்டு கட்டுவாங்களா? ஊருல ஒருத்தருக்கு ஒரு செடி. நீங்க கட்டுன கட்டைப் பாத்து, பாவம் உடம்பு பூரா அழுகுது போலன்னு நெனச்சோம். தின்னீய. நல்லா இருக்கீய. மருந்து வேலை செஞ்சிருக்கு, அம்புட்டுத்தான்."

*

அன்றே காந்தள் தன் கழுத்துத் துண்டைக் கிழித்து ஒரு புதுச் செடியில் கட்ட உட்கார்ந்தாள். தன் கையால்தான் கட்ட வேண்டும். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கால் மணி நேரம். இரண்டு முறை முடிச்சு அவிழ்ந்து விழுந்தது. மரகதம் பார்க்க முடியாமல் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் நாள் எட்டு முகடு. இரண்டாம் நாள் எட்டுதான், ஆனால் கடைசி முகட்டை ஒட்டி ஒரு சின்ன வீக்கம். மூன்றாம் நாள் காலையில் காந்தள் கூப்பிடவே இல்லை. மரகதம் தானாக இறங்கிப் போய்த் தோள்வழியே எட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது மலை, அதே இடத்தில், அதே வடிவத்தில், அவளுடையதைவிட ஒன்றரை மடங்கு உயரமாக நின்றது.

"அதே பொருள்தான் சித்தி. எனக்கு அளவு கூட வேணும் போல." காந்தள் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "அப்படின்னா உனக்கும் இருந்திருக்கு. அம்மாவுக்கு, ஆச்சிக்கு இருந்தது. நீ தப்பிக்கலை சித்தி. உன்னை இந்தச் சரிவு பூரா சேந்து முப்பது வருசம் காப்பாத்தியிருக்கு."

மரகதம் அப்படியே ஈரப் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கசாயத்தை என்னையும் குடிக்கச் சொல்லி எத்தனை தடவ கெஞ்சுன! கசக்குதுன்னு வாஷ்பேசின்ல ஊத்துனேனே!" காந்தள் சிரித்தாள், அழுதாள், எழுந்து சடைச்சியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். "அக்கா, உங்க ஊருக்கே கோவில் கட்டணும்!"

சடைச்சி சுற்றவில்லை. தன் கையை விடுவித்துக்கொண்டு சொன்னாள்: "கோவில் வேண்டாம் தாயீ. உன் சித்தியை அந்தத் துணியையெல்லாம் அவுக்கச் சொல்லு."

அப்போதுதான் மீதிக் கதையும் வெளியே வந்தது.

ஒருவர் கட்டிய செடியில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. மருந்து வேறாள் பேரில் ஊறிக் கிடக்கும், தின்றால் ஆகாது. கொம்மையர்கள் கட்டுவது பருத்தித் துணி. குணமானவர் அவிழ்ப்பார். செத்துப்போனால் ஒரு மழைக்காலத்தில் துணி மக்கி உதிரும், செடி அடுத்தவருக்கு ஆகும். மரகதத்தின் சேலைகள் பாலியஸ்டர். மலையில் சீக்கிரம் உலரும் என்று அதைத்தான் உடுத்துவாள். அது மக்கவும் இல்லை, வேர்வை வாடையை விடவும் இல்லை. வருடத்துக்கு எண்பது, நூறு என்று, ஊருக்குப் பக்கத்தில் இருந்த சரிவு முழுவதும் ஒருத்தியின் மருந்தானது. ஊர் இரண்டு மணி நேரம் மேலே ஏறிப் போய், பாறை முடியில் கட்டத் தொடங்கியது.

"எந்தம்பி நீலன், தெரியும்லா உங்களுக்கு?" என்றாள் சடைச்சி. "காய்ச்சல்ல விழுந்தான். நடக்க முடியாது. தூக்கிட்டுத்தான் போவணும். இந்தா, ஓடையோரம் இருக்குல்லா, உங்க நம்பர் போட்டது, வீட்டுலேருந்து இருபது எட்டு நடந்தாப் போதும். இது சும்மா இருந்திருந்தா அன்னைக்கே கட்டியிருப்பான். முடிக்குத் தூக்கிட்டுப் போனோம். கட்டுனான். மூணு நாள் வரைக்கும் அவன் இருக்கலை."

"ஏன் சடைச்சி எங்கிட்ட சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவுத்திருப்பேனே!"

"சீக்காளிகிட்டப் போயி உன் மருந்தைக் குடுன்னு எப்பிடிக் கேக்க? நாங்க அப்பிடி வளரலை."

மரகதம் எழுந்தாள். நேராக 214-ஆம் செடியிடம் போனாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலான மழையில் முடிச்சு இறுகி விதை மாதிரி ஆகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

*

ஆயிரத்து எண்ணூறு முடிச்சு. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது. கட்டியவள்தான் அவிழ்க்க வேண்டும் என்பதால் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் ஊரே வேடிக்கை பார்த்தது. "பேப்பரம்மா, ஆயிரம் ஆச்சா?" என்று கிழங்கு கொண்டுவந்து கொடுத்தார்கள். காந்தள் தன் செடியின் இலையைத் தினமும் மென்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் துப்பாமல்.

நடுவில் ஒருநாள் ஊர் கூடியது. காந்தள் பொறுக்க மாட்டாமல் கேட்டாள்: "இதை வெளிய சொல்ல வேண்டாமா? என்னை மாதிரி கை நடுங்குறவங்க எத்தனை பேர் இருப்பாங்க!"

"சொன்னா என்ன ஆவும்?" என்றார் ஒருவர்.

மரகதம்தான் பதில் சொன்னாள். "கம்பெனிக்காரன் லாரியில வேர்வைத் துணி கொண்டாருவான். நான் ஒருத்தி தெரியாமக் கட்டுனதுக்கே இந்தக் கதி."

வாதம் அரைநாள் ஓடியது. கடைசியில் சடைச்சி சொன்னதை ஊர் ஏற்றது: "சீக்காளி வரட்டும். ஆளா வரட்டும். தன் கையால கட்டிட்டு, இருந்து, அவுத்துட்டுப் போவட்டும். துணி மட்டும் மூட்டையா வரக் கூடாது. மருந்தை எழுதுனா இந்த வழக்கத்தையும் எழுதணும். மலைப் பேரை எழுதக் கூடாது." மரகதம் குறித்துக்கொண்டாள். இந்தத் தடவை 'நம்பிக்கைகள்' பகுதியில் இல்லை, முதல் பக்கத்தில். விசாரணைக் குழுவின் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. (நான் சொன்ன மலைப் பெயரும் மெய்ப் பெயர் இல்லை, கண்ணுகளா. வாக்கு வாக்குதான்.)

அவிழ்க்கத் தொடங்கி முப்பத்தொன்பதாம் நாள். காந்தள் தன் செடியின் முன்னால் உட்கார்ந்து துண்டின் முடிச்சில் விரல் வைத்தாள். ஊரே சுற்றி நின்றது. ஒரே இழுப்பு. முடிச்சு அவிழ்ந்தது. அவள் கையை முன்னால் நீட்டினாள். வெயிலில், ஐந்து விரலும், கல்லில் செதுக்கியது போல நின்றன.

குலவைச் சத்தம் சரிவெல்லாம் போய்த் திரும்பி வந்தது.

"சித்தி, பாத்தியா? நீயும் நீட்டு, வா!"

"எதுக்குட்டி?"

"நீட்டுங்கேன்."

மரகதம் சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்தாள். காந்தள் பிடித்து இழுத்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆடிக்கொண்டிருந்தன.

"எப்போலேருந்து?"

"கார்த்திகையிலேருந்து. சாக்கு தீந்து ஒரு மாசத்துல. அப்பப்ப மென்னு பாத்ததும் காஞ்ச எலையும் சீக்கைத் தள்ளித்தான் வெச்சிருக்கு, தீக்கலை."

காந்தள் திரும்பிச் சரிவைப் பார்த்தாள். ஆயிரத்து எண்ணூறு செடிகள். நீலமில்லை, ரோஜாவில்லை. ஒரு கீற்றுக்கூட இல்லை. "ஒண்ணாவது மிச்சம் வெச்சிருக்கக் கூடாதா சித்தி?"

"இந்த மலைகிட்டப் போதும்ங்கிற அளவு வாங்கியாச்சு. இனி எதையும் கேக்க எனக்கு வாய் இல்லை."

சடைச்சி தன் தலைத்துணியை உருவினாள். நல்ல பருத்தி. அதன் ஓரத்தைப் பல்லால் கீறி, ஒரு முழம் கிழித்து, மரகதத்தின் நெற்றி வேர்வையை அழுத்தித் துடைத்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து ஓடையோரம் அழைத்துப் போனாள். வீட்டிலிருந்து இருபது எட்டில் இருந்த செடிக்கு.

"கேக்காமலே இருபத்திரெண்டு வருசம் தின்னீய பேப்பரம்மா" என்றாள். "ஒரு தடவ கேட்டுட்டுத் தின்னுங்க."

மரகதம் மண்ணில் உட்கார்ந்தாள். நடுங்கும் விரல்களால் துணியைத் தண்டில் சுற்றினாள். முடிச்சு நழுவியது. மறுபடி நழுவியது. யாரும் உதவவில்லை, உதவக் கூடாது. காந்தள் மட்டும் அசையாத தன் இரண்டு கைகளையும் மடியில் கட்டிக்கொண்டு, "மெதுவா சித்தி, நேரம் இருக்கு, நெறைய இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.